நிழலில் மலரும் நம் காட்டு மலர்

தலைமையாசிரியர்



‘நிழலின் அருமை வெயிலில் தெரியும்’ என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. தோட்டத்தில் உழைப்போர்க்கு இதன் பொருளை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆயினும், பூந்தோட்டம் அமைக்க முற்படும்போது மட்டும் நாம் நிழலைப் பகையாகவே கருதிவிடுகிறோம். “அவ்விடத்தில் மரநிழல் விழுகிறது, அங்கு ஒன்றும் பூக்காது” என்று கைவிட்டு விடுகிறோம்.

நம் பள்ளியின் பின்புறத்தில் ஒரு ரம்புத்தான் மரமும் ஒரு மாமரமும் கிளைகள் பின்னிப் பிணைந்து நிற்பதை நீங்கள் அறிவீர்கள். அவற்றின் கீழ் ரோஜா, சாமந்தி, போகன்வில்லா எனப் பல செடிகள் நடப்பட்டன. ஒன்றேனும் நிலைக்கவில்லை. ஆதலால், சென்ற பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இரு யோசனைகள் முன்வைக்கப்பட்டன. மரங்களை வெட்டிவிட்டுப் பூச்செடிகளை நடலாம் என்றனர் சிலர். மரங்களை விட்டுவிட்டுத் தரைக்குச் சிமெண்டு பூசலாம் என்றனர் வேறு சிலர். இரண்டும் நல்லெண்ணத்தால் எழுந்தவையே. எனினும் மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. நிழலை அகற்றாமல், நிழலையே தாயகமாகக் கொண்ட ஒரு செடியை அங்குக் குடியமர்த்துவதே அவ்வழி. அதனை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

1. நம் முற்றத்துச் செடிகள் எங்கிருந்து வந்தன?

நம் வீடுகளின் முன் மலர்ந்து நிற்கும் செடிகளைச் சற்று எண்ணிப் பாருங்கள். போகன்வில்லாவின் தாயகம் தென் அமெரிக்கா. மஞ்சள் மணிபோல் பூக்கும் அலமாண்டாவும் அங்கிருந்தே வந்தது. கோயில் ஓரங்களில் நிற்கும் கள்ளிமந்தாரை மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பகுதிகளைச் சேர்ந்தது. 1960ஆம் ஆண்டில் நம் நாட்டின் தேசிய மலராக அறிவிக்கப்பட்ட புங்கா ராயா எனும் செம்பருத்தியும் வெளியிலிருந்து வந்து இங்கு வேரூன்றியதே.

பூச்செடிகள் மட்டுமா? நம் பாட்டன்மார் பால் வெட்டிய ரப்பர் மரம் அமேசான் காட்டுக்கு உரியது. 1877இல் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த 22 கன்றுகளிலிருந்து அதன் வரலாறு இப்பகுதியில் தொடங்கியது. இன்று நம்மைச் சுற்றிலும் நிற்கும் செம்பனை மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. 1917இல் சிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில்தான் அது முதன்முதலாக வாணிக நோக்கோடு பயிரிடப்பட்டது.

வந்த செடிகளையும் வந்த மக்களையும் வாழவைத்த மண் இது. ஆதலின், வெளியிலிருந்து வந்த செடிகளை நான் குறை கூறவில்லை. நம் பள்ளியின் மாமரமும் நம் முன்னோரைப் போல் இந்திய மண்ணுக்கு உரியதே. அதனோடு கிளை கோத்து நிற்கும் ரம்புத்தானோ இம்மண்ணின் மரம். ஆனால் ஒரு கேள்வி எழுகிறது. நம்மை வாழவைத்த இம்மண்ணின் சொந்த மலர்கள் எவை என்பதை நாம் அறிவோமா? சங்கப் புலவர் கபிலர் தம் குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களின் பெயர்களை அடுக்கிக் கூறினார். தாம் கண்ட மலைநாட்டின் மலர்களை அவர் அவ்வளவு நன்றாக அறிந்திருந்தார். நாம் வாழும் நாட்டின் காட்டு மலர்களில் ஒன்பதின் பெயரையேனும் நம் பிள்ளைகள் அறிந்திருத்தல் வேண்டாமா? இன்று ஒன்றை அறிவோம்.

2. வௌவால் மலர்

நாம் அறியப்போகும் செடியின் அறிவியற் பெயர் டாக்கா இண்டெக்ரிஃபோலியா. மலாய் மொழியில் இதனைக் கெலாடி முராய் என்பர். கெலாடி என்றால் சேம்பு. முராய் என்பது கறுப்பும் வெள்ளையும் கலந்த, இனிமையாகப் பாடும் ஒரு பறவை. பெயரில் சேம்பு இருந்தாலும் இது சேம்பின் இனமன்று. தாவர நூலார் இதனை வள்ளிக்கிழங்கின் குடும்பத்தில் சேர்த்துள்ளனர். இதன் மலரைக் கண்டவர்கள் அதற்கு வௌவால் மலர் என்று பெயரிட்டனர். வௌவாலுக்கும் இதற்கும் உருவ ஒப்புமை தவிர வேறு தொடர்பில்லை.

இந்தியாவின் வடகிழக்குப் பகுதி முதல் மியன்மார், தாய்லாந்து, தீபகற்ப மலேசியா, சுமத்ரா, போர்னியோ, ஜாவா வரையுள்ள மழைக்காடுகளில் பெருமரங்களின் அடியில் இது இயற்கையாக வளர்கிறது. நம் தோட்டத்து முதியவர்களுள் ஆற்றோரக் காட்டில் இதனைக் கண்டவர்கள் இருக்கக்கூடும். “மீசை வைத்த பூவைப் பார்த்ததுண்டா?” என்று உங்கள் தாத்தா பாட்டியரைக் கேட்டுப் பாருங்கள்.

செடி ஏறத்தாழ இடுப்பளவு உயரம் வளரும். மண்ணுக்கடியில், இஞ்சியைப் போன்று, கிழங்காகத் திரண்ட தண்டு உண்டு. அதிலிருந்து அகன்ற, கரும்பச்சை இலைகள் நீண்ட காம்புகளுடன் எழும். அவற்றின் நடுவே ஒரு பூந்தண்டு நிமிர்ந்து நிற்கும். அதன் உச்சியில் வௌவாலின் இரு சிறகுகளைப் போன்று விரிந்திருப்பவை இதழ்கள் அல்ல. பூங்கொத்தின் அடியில் தோன்றும் ஒருவகை இலைகள். இவற்றைப் பூவடிச் செதில்கள் என்பர். வெண்மையான அச்செதில்களில் ஊதா நிற நரம்புகள் ஓடும். உண்மையான பூக்கள் அவற்றின் கீழே, கறுப்பு எனத் தோன்றும் கருஊதா நிறத்தில், தலைகவிழ்ந்து கொத்தாக நிற்கும். பூக்களுக்கு இடையிலிருந்து மெல்லிய நூல்கள் ஒரு சாணுக்கும் மேலாகத் தொங்கும். இவையே மீசை எனப்படுபவை.

கறுப்பு நிறத்தைக் கண்டு இதனைப் பேய்ப்பூ என்று அஞ்சுவோர் உளர். அச்சத்திற்கு இடமில்லை. காக்கையும் குயிலும் கறுப்பே. அவற்றைக் கண்டு நாம் அஞ்சுகிறோமா?

3. குறைந்த ஒளியில் வாழும் திறன்

தாவரங்கள் ஒளியைக் கொண்டே உணவு தயாரிக்கின்றன என்பதை அறிவியற் பாடத்தில் படித்திருக்கிறீர்கள். அடர்ந்த மழைக்காட்டில், மரங்களின் உச்சியில் விழும் ஒளியில் நூற்றில் ஒன்று அல்லது இரண்டு பங்கே தரையை வந்தடைகிறது. அந்நிலையில் ஒரு செடி எவ்வாறு உயிர்வாழும்?

முதலாவதாக, இலையை அகலமாக்கிக் கொள்கிறது. மழைநீரைப் பிடிக்க நாம் அகன்ற பாத்திரத்தை வைப்பதைப் போல, ஒளியைப் பிடிக்க இது அகன்ற இலையை விரிக்கிறது. இரண்டாவதாக, இலைகளை ஒன்றன்மேல் ஒன்று மறைக்காதபடி நீண்ட காம்புகளில் பரப்பி வைக்கிறது. மூன்றாவதாக, நிதானமாக வளர்கிறது. வரவு சிறிதாயின் செலவையும் சிறிதாக்குவது இல்லறத்தார் அறிந்த சிக்கனமன்றோ? இச்செடியும் அதனையே செய்கிறது. கிடைப்பதில் மிச்சம் பிடித்துக் கிழங்கில் சேர்த்து வைக்கிறது.

இத்தகைய செடியை நண்பகல் வெயிலில் வைத்தால் இலைகள் கருகிப் பழுப்பு நிறத் திட்டுகள் தோன்றும். ரோஜாவுக்கு நிழல் எவ்வாறு கேடோ, அவ்வாறே வௌவால் மலருக்கு வெயில் கேடு. கெட்ட இடம் என்று ஒன்றில்லை. பொருந்தாத செடி என்பதே உண்டு.

4. கண்டறிந்தபின் நம்புவதே அறிவியல்

கருநிறப் பூக்களையும் தொங்கும் மீசையையும் கண்ட அறிஞர்கள், “இம்மலர் அழுகும் பொருளைப் போலத் தோன்றி ஈக்களை ஏமாற்றி அழைத்து, அவற்றால் மகரந்தச் சேர்க்கை பெறுகிறது போலும்” என்று நெடுங்காலம் கருதினர். கேட்பதற்குப் பொருத்தமாகவே இருந்தது.

ஆனால், இதன் நெருங்கிய உறவான கருவௌவால் மலரைச் சீனாவின் யுன்னான் மாநிலத்தில் ஆய்வாளர்கள் கூர்ந்து ஆராய்ந்தனர். 2005இல் வெளியிடப்பட்ட அவ்வாய்வின் முடிவு எதிர்பார்த்ததற்கு மாறாக இருந்தது. பூச்சிகள் அரிதாகவே வந்தன. விதைகளில் பெரும்பாலானவை மலர் தன் மகரந்தத்தைத் தானே ஏற்று உண்டாக்கியவை. மாணவர்களே, தோற்றத்தைக் கண்டு முடிவு செய்யாமல், அருகிருந்து நோக்கி முடிவு செய்தலே அறிவியல் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. நம் பள்ளியில் இம்மலர் பூக்குமாயின், எந்தப் பூச்சிகள் எத்தனை முறை வருகின்றன என்பதை நீங்களும் எண்ணிக் குறிக்கலாம்.

5. வளர்க்கும் முறை

அ) இடம் தேர்தல்: நூற்றுக்கு 60 முதல் 80 பங்கு நிழல் விழும் இடமே ஏற்றது. இதனை அறியக் கருவி தேவையில்லை. நண்பகலில் வெள்ளைத் தாள் ஒன்றைத் தரையில் வையுங்கள். அதற்கு ஒரு முழ உயரத்திற்குச் சற்றுக் கீழே உங்கள் கையை நீட்டுங்கள். தாளில் கைநிழல் விரல் விரலாகத் தெளிவாக விழுந்தால் வெயில் மிகுதி. மங்கலான திட்டாக விழுந்தால் இடம் பொருத்தமானது. நிழலே தோன்றாவிடில், செடி உயிர் வாழ்ந்தாலும் பூப்பது அரிது. சில சிறு கிளைகளைக் கழித்து ஒளிக்கு வழி செய்யலாம்.

ஆ) மண்: இச்செடிக்கு ஈரம் வேண்டும், ஆனால் தேங்கிய நீர் ஆகாது. நீர் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும். மழைக்காட்டின் தரை எவ்வாறு இருக்கும்? மேலே உதிர்ந்த இலை, அதன்கீழ் மக்கிய இலை, அதன்கீழ் பொலபொலப்பான மண். இதனையே நாம் செய்து கொள்ளலாம். தோட்டமண் ஒரு பங்கு, நன்கு மக்கிய இலை இரண்டு பங்கு, மணலோ கருக்கிய உமியோ ஒரு பங்கு எனக் கலக்கவும். இலைக்குப் பஞ்சமில்லை. பள்ளி வளாகத்தில் நாள்தோறும் கூட்டி எரிக்கப்படும் சருகை ஒரு குழியில் இட்டு ஈரமாக வைத்தால், சில மாதங்களில் அதுவே மக்கு உரமாகும்.

இ) பாத்தி: பழைய செங்கற்களை அடுக்கி ஒரு சாண் உயரத்திற்குப் பாத்தி கட்டலாம். மரத்தின் அடியை ஒட்டி மண்ணைக் குவித்தலாகாது; அடிமரம் அழுகக்கூடும். ஒரு மீட்டர் தள்ளியே பாத்தி அமைய வேண்டும். தடித்த வேர்களை வெட்டாமல், அவற்றுக்கு இடையே உள்ள இடத்தைப் பயன்படுத்துதல் நன்று.

ஈ) நடுதல்: கிழங்கின் முளை மண்ணின் மட்டத்தில் இருக்குமாறு நட வேண்டும். ஆழப் புதைத்தல் தவறு. செடிக்குச் செடி இரண்டடி இடைவெளி விடுக. நட்டபின் சருகை மேலே பரப்பினால் ஈரம் காக்கப்படும்.

உ) நீரும் உரமும்: மழையில்லாத நாளில் காலையில் நீர் ஊற்றுவது போதுமானது. விரலை மண்ணில் விட்டுப் பார்த்து, ஈரம் இருந்தால் ஊற்ற வேண்டா. உரம் மிகுதியாக இடுதல் தீமை. மாதம் ஒருமுறை கையளவு மக்கு உரம் தூவினாலே போதும். தொட்டியில் வளர்ப்போர் அடித்தட்டில் நீர் தேங்கவிடக் கூடாது. அது கிழங்கையும் அழுகச் செய்யும். டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசுவையும் வளர்க்கும்.

ஊ) பாதுகாப்பு: நத்தைகளே இதன் முதற்பகை. மாலை மங்கியபின் கைவிளக்குடன் சென்று பொறுக்கி அகற்றலாம். நத்தையைத் தொடும்போது கையுறை அணிந்து, பின்னர்ச் சவர்க்காரத்தால் கைகழுவுதல் வேண்டும். களைக்கொல்லி தெளிக்கும் பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள்: பாத்தியின் பக்கம் மருந்து அடிக்க வேண்டா. அகன்ற இலை மருந்தை எளிதில் ஏற்றுக்கொள்ளும். களைகளைக் கையாலேயே பறிக்கலாம். இச்செடியின் எப்பகுதியையும் உண்ணுதல் கூடாது என்பதையும் சிறு பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

எ) பெருக்குதல்: வளர்ந்த செடியின் கிழங்கை, ஒவ்வொரு துண்டிலும் ஒரு முளையேனும் இருக்குமாறு வெட்டி, வெட்டிய இடத்தில் சாம்பல் தடவி, ஒருநாள் நிழலில் உலர்த்தி நடலாம். விதையிட்டும் வளர்க்கலாம். பழம் கனிந்ததும் விதைகளைக் கழுவி, வெதுவெதுப்பான நீரில் ஒருநாள் ஊறவைத்து, மெல்லிய மண்போர்வையின் கீழ் விதைக்க வேண்டும். பின்னர்ப் பொறுமை வேண்டும். விதை ஒரு மாதத்திலும் முளைக்கலாம். ஒன்பது மாதங்களும் ஆகலாம். முளைத்தது பூக்க இரண்டு மூன்று ஆண்டுகள் செல்லும். முதலாம் ஆண்டு மாணவன் இட்ட விதையை அவன் நான்காம் ஆண்டில் பூவாகக் காண்பான். ஆறாம் ஆண்டு மாணவன் இட்ட விதையோ அவனுடைய தம்பி தங்கையர்க்குப் பூக்கும்.

6. காட்டிலிருந்து பெயர்த்தல் ஆகாது

“காட்டில் இருக்கும் செடிதானே, ஒரு நடை போய்த் தோண்டி வந்தால் செலவில்லையே” என்று சிலர் எண்ணக்கூடும். அவ்வாறு செய்தலாகாது. முதலாவது காரணம் சட்டம். 1984ஆம் ஆண்டின் தேசிய வனச் சட்டப்படி, நிலையான காப்புக் காடுகளிலிருந்து உரிமமின்றி எதனையும் எடுத்தல் குற்றமாகும். இரண்டாவது காரணம் அதனினும் பெரிது. தோட்டங்களின் நடுவே எஞ்சியிருக்கும் ஆற்றோரக் காடுகள் மிகக் குறுகியவை. நிதானமாக வளர்ந்து, காலந்தாழ்த்திப் பூக்கும் ஒரு செடியை அங்கிருந்து பெயர்த்தால், அதன் இடத்தை மற்றொன்று நிரப்பப் பல ஆண்டுகள் ஆகும். ஒவ்வொருவரும் ஒன்று எடுத்தால் ஒன்றும் மிஞ்சாது.

ஆதலால், நாற்றுப் பண்ணைகளில் வளர்த்து விற்கப்படும் செடிகளையே வாங்க வேண்டும். அல்லது ஏற்கெனவே வளர்ப்போரிடம் கிழங்குத் துண்டு பெற வேண்டும். மூன்று செடிகளைப் பேணினால், சில ஆண்டுகளில் அவற்றின் துண்டுகளை விரும்பிய வீடுகளுக்கெல்லாம் பகிர்ந்தளிக்க இயலும்.

காட்டை அழிக்கும் மனிதனே காட்டை ஆக்கவும் வல்லவன். கெப்போங்கிலுள்ள மலேசிய வன ஆராய்ச்சிக் கழகத்தின் காடு இதற்குச் சான்று. ஈயச் சுரங்கத் தொழிலால் பாழ்பட்டும் காய்கறிப் பாத்திகளாகவும் கிடந்த அந்நிலத்தில் 1920களில் மரங்கள் நடத் தொடங்கினர். முதலில் நிழல் வந்தது. நிழலின்கீழ் மண் வளம் பெற்றது. பிற உயிர்களும் வந்து சேர்ந்தன. 2025ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அதனை உலக மரபுடைமைத் தலமாக ஏற்றது. வெறுந்தரையில் நிழலை உண்டாக்க அங்கே எத்தனை ஆண்டுகள் உழைத்தனர்! நம் பள்ளியிலோ அந்நிழல் ஆயத்தமாக நிற்கிறது.

7. மாணவர்க்குச் சில பணிகள்

1. உங்கள் வீட்டைச் சுற்றி வளரும் ஐந்து பூச்செடிகளின் பெயரையும் தாயகத்தையும் கண்டறிந்து எழுதுக.
2. காலை, நண்பகல், மாலை ஆகிய மூன்று வேளைகளிலும் கைநிழற் சோதனையைச் செய்து, பள்ளியின் நிழற்பகுதியை வரைந்து காட்டுக.
3. காட்டில் கண்ட பூக்களைப் பற்றி உங்கள் தாத்தா பாட்டியரிடம் கேட்டு, அவர்கள் கூறும் பெயர்களைக் குறித்து வருக. எழுதப்படாத பெயர்கள் அவர்களோடு மறைந்துவிடும் என்பதை நினைவிற் கொள்க.
4. ரோஜாவின் இலைக்கும் வௌவால் மலரின் இலைக்கும் உள்ள வேறுபாடுகள் மூன்றினைக் கூறி, அவற்றின் காரணத்தை விளக்குக.

8. பெற்றோர் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம்

மரத்தை வெட்ட அரைநாள் போதும். வெட்டியபின் அதே நிழலைப் பெற ஒரு தலைமுறை காத்திருக்க வேண்டும். சிமெண்டுத் தளம் தூய்மையாக இருக்கும் என்பது உண்மையே. ஆனால் அதில் பிள்ளைகள் கற்க ஒன்றும் முளைக்காது. ஆதலின், இன்னும் ஓராண்டுக் காலம் தவணை தருமாறு உங்களை அன்புடன் வேண்டுகிறேன். மூன்று செடிகள், பழைய செங்கல், கூட்டிய சருகு, பிள்ளைகளின் கைகள் இவையே நமக்கு வேண்டுவன. அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தின்போது அனைவரும் அம்மரத்தடிக்கு வந்து, செடிகளை நேரிற் கண்டு, அதன்பின் முடிவு செய்வோம். அதுவரை கோடரி காத்திருக்கட்டும்.

மாணவச் செல்வங்களே, வெளிச்சம் குறைந்த இடத்தில் பிறந்தோம் என்று வௌவால் மலர் வாளாவிருந்து விடவில்லை. கிடைத்த ஒளியைச் சிதறவிடாமல் சேர்த்துத் தனக்கென ஓர் அழகைப் படைத்துக் கொண்டது. தோட்டத்துப் பள்ளியில் பயிலும் உங்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. நன்கு கற்பீர்! நல்லன வளர்ப்பீர்!